பென்சிலில் எழுதிய பத்தொன்பதாம் பாகம்

‘இரும்பு விண்மீன்’ தொடரைப் புதிதாக எடுத்து வெளியிட்டிருக்கிறார்கள். பழையது உங்களுக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் ஏழாவது படித்த வருஷம், ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தமிழ்க் குரலோடு வந்த ஜப்பான் கார்ட்டூன் அது. பூமி வாழ லாயக்கில்லாமல் போனபிறகு, துருப்பிடித்த ஒரு கப்பலில் பதினாறு பேர் வேறு கோள் தேடிப் புறப்படுவார்கள். கப்பலைப் பழுதுபார்க்கும் பெண்ணுக்குத் தமிழில் இனியா என்று பெயர் வைத்திருந்தார்கள். அவள் காலடியிலேயே உருண்டு திரியும் ஒற்றைக்கண் இயந்திரத்துக்குக் கோலி என்று பெயர். உருவமும் கோலிக்குண்டுதான். அதற்குக் குரல் கொடுத்தவர் யாரோ, அசல் சென்னைத் தமிழில் வெளுத்து வாங்குவார். “இன்னா கேப்டன், இஞ்சின் பூட்ச்சா?” என்று அது கேட்டால் சமையலறையிலிருந்த என் அம்மாகூடச் சிரிப்பார்.

புதிய தொடரின் முன்னோட்டம் என் போனுக்கு வந்தபோது நான் கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போகும் டவுன் பஸ்ஸில் இருந்தேன். முன்னால் ஒரு கரும்பு லாரி ஊர்ந்துகொண்டிருந்தது. கோலியைப் பார்த்ததும் எனக்கு என்னவோ சொந்தக்காரரைப் பார்த்ததுபோல் ஆகிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளிடம் காட்டலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை, காட்டவில்லை.

என் வேலை, அடுத்தவர்கள் எழுதிய மென்பொருளில் பிழை கண்டுபிடிப்பது. காலையிலிருந்து மாலைவரை பிழைகளை எண் போட்டு எழுதுவேன். அது வேலையோடு நிற்பதில்லை. கல்யாண வீட்டுப் பந்தியிலும் மனதுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று ஓடும். ஆகவே புதிய தொடரின் முதல் ஆறு பாகங்களைச் சனிக்கிழமை மதியம் பார்த்து முடித்த கையோடு, தமிழ்க் குரல் கார்ட்டூன்கள் பார்த்து வளர்ந்தவர்களுக்கென்று இருக்கும் ஓர் இணையக் குழுவில் ‘பழையதும் புதியதும்: பதினொரு வேறுபாடுகள்’ என்று எழுதிப் போட்டேன். அங்கே என் பெயர் ‘பதினேழாவது பயணி’. பதினாறு பேர் போன கப்பலில் நானும் ஒருத்தியாம். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் இங்கே வெட்கப்படப்போகும் விஷயம் அதுவல்ல.

அந்தக் குழுவில் அன்று ஒரே அமளி. “துரு இல்லாத கப்பலுக்கு எதுக்குடா இரும்பு விண்மீன்னு பேரு, எவர்சில்வர்னு வைங்க” என்று ஒருவர். “கோலி ஏன் நியூஸ் வாசிக்குது?” என்று இன்னொருவர். இசையை மட்டும் மாற்றாமல் விட்டார்களே என்று இரண்டு பேர் அழுதிருந்தார்கள். ஒரு பொடியன் வந்து, “பழசு அவ்ளோ நல்லா இருந்தா அதையே பாருங்களேன் அங்கிள்ஸ்” என்றான். “கெடச்சா பாக்க மாட்டமா தம்பி” என்று பதில் வந்தது. அது உண்மை. அந்தச் சேனலை மூடி வருஷக்கணக்காகிறது. தமிழ்க் குரலில் வந்த பாகங்களை யாரும் சேமித்து வைக்கவில்லை. ஜப்பான் மொழியில் மங்கலாக முதல் பத்துப் பாகம் கிடைக்கிறது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் எங்கள் தலைக்குள் இருப்பதுதான். ஒவ்வொருவர் தலையிலும் ஒவ்வொரு மாதிரி.

என்னிடம் மட்டும் தலையைத் தவிர ஒரு நோட்டும் இருந்தது. ஏழாவது வகுப்பில் எழுதிய நீள நோட்டு. பாகம், நடந்தது, யார் யார், எந்த இடம் என்று நான்கு கட்டம் போட்டு இருபத்தாறு பாகத்துக்கும் எழுதியது. அதைப் பார்த்துத்தான் பதினொரு வேறுபாடுகளையும் பாக எண்ணோடு எழுதியிருந்தேன். “ஆதாரத்தோட பேசுறாங்கப்பா” என்று பாராட்டினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது ‘கவிநிலா அம்மா, கரியாலூர்’ என்ற பெயரில் ஒரு பெண் கீழே எழுதினார். கரியாலூர் எங்கள் பக்கத்து மலைமேல் இருக்கும் ஊர். போன் திரையில் முதல் இரண்டு வரி மட்டும் தெரிந்தது. “பழைய கதையில் கோலி பத்தொன்பதாவது பாகத்தில் செத்துவிடும். புதுசில் அது வருமா? அது இல்லை என்றால்…” அதற்குமேல் படிக்க ‘மேலும்’ என்பதை அழுத்த வேண்டும். நான் அழுத்தவில்லை. பதில் எழுதினேன், எண் போட்டுத்தான்.

“ஒன்று, பழைய தொடரில் கோலி சாகவே இல்லை. இரண்டு, கடைசிப் பாகத்தின் கடைசிக் காட்சியில் அது இருக்கிறது. மூன்று, நீங்கள் வேறு ஏதோ தொடரோடு குழப்பிக்கொள்கிறீர்கள். தயவுசெய்து நினைவை மட்டும் நம்பி எழுதாதீர்கள்.”

கை தட்டுவது போலச் சின்னங்கள் விழுந்தன. ஒருவர், “மலை மேல சிக்னல் புடிச்சா வேற கிரகத்துப் படம் தெரியும்போல” என்று எழுதினார். அதற்கு நான் சிரிப்புச் சின்னம் போட்டேன். இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று இந்தப் பத்தியை இரண்டு முறை அடித்துப் பார்த்தேன். வேண்டாம், இருக்கட்டும். போட்டேன்.

பிறகுதான் அந்தப் பெண் மறுபடி எழுதியதைப் பார்த்தேன். “நான் டிவியில் பார்க்கவில்லை. எங்கள் ஹாஸ்டலில் டிவி இல்லை. என் கூடப் படித்த பெண் பார்த்துவிட்டு வந்து சொல்லும். அது பொய் சொல்லாது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி வைத்திருக்கும்.”

மேலே போய் ‘மேலும்’ என்பதை அழுத்தினேன். விட்டுப்போன வரி இருந்தது. “கோலி தன் பேட்டரியைக் கழட்டிக் கொடுத்துவிட்டு, எனக்கு வழி தெரியும், வெளிச்சம் உனக்குத்தான் வேணும் என்று இனியாவிடம் சொல்லும். அதை என் பெண்ணுக்குத் தினமும் சொல்வேன்.”

அந்த வசனம் எந்தத் தொடரிலும் கிடையாது. அதை எழுதியது நான். பன்னிரண்டு வயதில், ஒரு திங்கட்கிழமை காலை, கரும்புத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிள் மிதித்துக்கொண்டே மனதுக்குள் எழுதியது.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்திலிருந்து நான்கு கிலோமீட்டர். அப்பாவுக்குக் கோமுகி அணைத் தண்ணீரில் விளையும் கொஞ்சம் கரும்பும் நெல்லும். நான் சைக்கிளில் பள்ளிக்கூடம் போவேன். என் வகுப்பில் பாதிப் பேர் எங்களைப் போலக் கீழ்நாட்டுப் பிள்ளைகள். மீதி, கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள். பூங்கொடி கரியாலூர்ப் பக்கம். மாதம் ஒரு முறை வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது பாவாடைப் பையில் வறுத்த பலாக்கொட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவருவாள். அந்தக் கருகிய வாசனைக்கும் எனக்கும் இன்றுவரை ஒரு கணக்குத் தீரவில்லை. கள்ளக்குறிச்சியில் யாராவது பலாக்கொட்டை வறுத்தால் எனக்குப் பசி வருவதில்லை, திங்கட்கிழமை வருகிறது.

திங்கட்கிழமை மத்தியானம், பள்ளிக் குழாயடிப் புங்கமரத்தின் கீழ், விடுதிப் பெண்கள் பதினொரு பேர் சாப்பாட்டுத் தட்டோடு வட்டமாக உட்காருவார்கள். நடுவில் நானும் என் நோட்டும். எனக்கு அங்கே பெயரே ‘நோட்டு’தான். முந்தைய நாள் பாகத்தை வசனத்தோடு, இசையோடு, கோலியின் குரலோடு சொல்வேன். கதை தொடங்குவதற்கு முன் ஒரு சடங்கு உண்டு. பூங்கொடிதான் கேட்பாள்.

“நேத்து கரண்ட் இருந்துச்சா?”

“இருந்துச்சு.”

இதைச் சொன்னால்தான் கதை. அப்போது மின்வெட்டு காலம். எங்கள் ஊருக்கு ஒரு லைன், விடுதிக்கு வேறு லைன். எங்கள் ஊரில் எப்போது போனது, எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. நான் சொல்லும் அந்த ஒரு சொல்தான் அவளுக்கு அத்தாட்சி. கரண்ட் இல்லாமல் போன முதல் ஞாயிறு, ஏழாவது பாகம் என்று நினைக்கிறேன், மறுநாள் பதினொரு முகங்களையும் பார்த்ததும் “இருந்துச்சு” என்று வாயில் வந்துவிட்டது. இல்லை என்று சொன்னால் எழுந்து தட்டுக் கழுவப் போய்விடுவார்களே என்ற பயம். வேறு எதிலும் என்னைச் சுற்றி யாரும் வட்டமாக உட்கார்ந்ததில்லை.

ஆனால் நான் ஒழுங்கான பிள்ளை. பார்த்ததைப் பேனாவில் எழுதினேன். நானாகக் கட்டிச் சொன்னதைப் பென்சிலில் எழுதினேன். அடுத்த வாரம் உளறாமல் இருக்க வேண்டும் அல்லவா. பொய்க்கும் பதிவேடு வைத்தவள் நான். புதன்கிழமைகளில் பூங்கொடி நோட்டை வாங்கிக்கொண்டுபோய் விடுதியில் படிப்பாள். “இன்னாத்துக்கு இது மட்டும் பென்சிலு?” என்று ஒரு தடவை கேட்டாள். “பேனாவுல மை தீந்துடுச்சு” என்றேன். நம்பினாள்.

பதினெட்டாவது பாகம் சொன்ன அன்று ஒரு தகராறு. கோலியின் கண் சிவப்பாக மின்னியது என்றேன். பூங்கொடி சோற்றுக் கையை உயர்த்தினாள்.

“இரு இரு. போன வாரம் பச்சன்ன. இப்ப செவப்புங்கிற. எது நெசம்?”

கோபம் வந்தால் சிவப்பாகும், மற்ற நேரம் பச்சை. அதை நான் சொல்ல மறந்திருந்தேன். சொல்லியிருக்கலாம். அதற்குள் ஒருத்தி, “நோட்டு டிவிய பாத்துச்சா, செவுத்த பாத்துச்சா?” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். பூங்கொடியும் சிரித்தாள். இன்று எனக்குச் சம்பளம் கொடுப்பதே அவள் அன்று செய்த வேலைக்குத்தான். போன வாரம் சொன்னதையும் இந்த வாரம் சொன்னதையும் ஒத்துப்பார்த்து, இடிக்கும் இடத்தில் கை உயர்த்துவது. அன்று அது எனக்குத் தெரியவில்லை. மலையிலிருந்து வந்தவள் என்னைக் கேள்வி கேட்பதா என்று தோன்றியது. அப்படியே, அதே சொற்களில்தான் தோன்றியது. வீட்டில், “அந்த மலப் பொண்ணு குட்துச்சுன்னு கண்டதயும் வாங்கித் துன்னாத” என்று அம்மா சொல்லும் போதெல்லாம் அம்மாவிடம் சண்டை போட்டவள்தான் நான்.

அடுத்த ஞாயிறு பத்து மணிக்குக் கரண்ட் போனது. பன்னிரண்டுக்குத்தான் வந்தது. திங்கட்கிழமை காலை சைக்கிளில் வரும்போது, பூங்கொடிக்கு எது ரொம்பப் பிடிக்கும் என்று யோசித்தேன். யோசிக்க என்ன இருக்கிறது? கோலிதான். கோலி மாதிரி பேசிக் காட்டுவாள், கோலி மாதிரி ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடப்பாள்.

“நேத்து கரண்ட் இருந்துச்சா?”

“இருந்துச்சு” என்றேன். அப்புறம் கோலியைக் கொன்றேன்.

நன்றாகவே கொன்றேன். கப்பல் இருட்டில் மிதக்கிறது, இஞ்சினுக்குச் சக்தி இல்லை, கோலி தன் பேட்டரியைத் தானே கழற்றுகிறது. எனக்கு வழி தெரியும், வெளிச்சம் உனக்குத்தான் வேணும். பூங்கொடி தட்டைத் தள்ளி வைத்துவிட்டு அழுதாள். சாயங்காலம் ஒரு பச்சைக் கோலிக்குண்டைக் கொண்டுவந்து விடுதிச் சுவரோரம் குழி தோண்டிப் புதைத்தாள். என்னையும் கூப்பிட்டாள். நானும் போய்த் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். நான்கு கிலோமீட்டர் மிதித்து வீட்டுக்குப் போக நேரமாகிறதே என்பதுதான் எனக்குக் கவலை.

அதற்கடுத்த ஞாயிறு கரண்ட் இருந்தது. கோலி வந்தது. உருண்டு வந்து, “இன்னா கேப்டன், நாஷ்டா துன்னியா?” என்றது.

நான் டிவி முன்னால் உட்கார்ந்து வியர்த்தேன். இருபதாம் பாகத்திலிருந்து இருபத்தாறு வரை, ஏழு வாரம், உயிரோடு உருண்டுகொண்டிருந்த ஒன்றைச் செத்ததாகவே வைத்துக்கொண்டு கதை சொன்னேன். அது சொன்ன நகைச்சுவைகளைக் கேப்டனுக்குக் கொடுத்தேன். அது காப்பாற்றியவர்களை இனியாவை வைத்துக் காப்பாற்றினேன். புதன்கிழமை அவள் நோட்டைப் படிப்பாளே என்று, பேனாவில் எழுதிய வரிகளிலும் கோலியை விட்டுவிட்டேன். கோலியின் பெயர் பத்தொன்பதாம் பாகத்துக்கு அப்புறம் என் நோட்டில் எங்கேயும் கிடையாது. பத்தாவது முடித்த கோடை விடுமுறையில், நோட்டு சரியாக இருக்கவேண்டும் என்று ஓர் ஆசை வந்து, பென்சில் வரிகளையெல்லாம் ரப்பரால் அழித்தேன். ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர். அழித்து, துகளை ஊதிவிட்டு, இப்போது இது உண்மையான நோட்டு என்று திருப்தியாக மூடி வைத்தேன். பிறகு பொறியியல் படிப்பு, வேலை, பிழைப் பட்டியல்கள். அழித்த வரிகளை நான் உண்மையாகவே மறந்துபோனேன். மறந்தேன் என்பது சாக்குப் போலத் தெரிகிறது. சாக்குதான்.

தெரிந்த பிறகாவது ஏதாவது செய்தேனா? சனிக்கிழமை சாயங்காலம் தெரிந்துவிட்டது. ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் சும்மா இருந்தேன். திருத்தம் என்று தலைப்புப் போட்டு நான்கு வரி எழுதி வைத்தேன், அனுப்பவில்லை. அனுப்பாததற்குக் காரணங்களைக்கூடப் பட்டியல் போட்டேன். இதற்கிடையே அந்தக் குழுவில் அவளை, “உங்க ஃப்ரெண்டு நோட்ட ஏலம் விடுங்க அக்கா, நாங்க வாங்கிக்கிறோம்” என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார்கள். புதன்கிழமை காலை பார்த்தபோது அவள் எழுதியது எதுவும் இல்லை. அழித்துவிட்டிருந்தாள். அதன் அடியில் இருந்த என் பதில், என் சிரிப்புச் சின்னம் எல்லாம் அதோடு போய்விட்டன. என் பதினொரு வேறுபாடுகள் மட்டும் பளிச்சென்று இருந்தன. கேட்பதற்கு யாரும் இல்லை. முதலில் எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதிதான் என்னை மலைக்கு அனுப்பியது.

அதற்கடுத்த ஞாயிறு, நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு கச்சிராயபாளையத்தில் மலைப் பேருந்து ஏறினேன். வளைவுகளில் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி என்ன சொல்வது என்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். கரியாலூரில் இறங்கி, பூங்கொடி என்று கேட்டதும் வழி காட்டிவிட்டார்கள். அருவிக்குப் போகிற பாதையில் தகரக் கூரை போட்ட டீக்கடை. அவள் பஜ்ஜிக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள்.

“வாங்க, இன்னா சாப்புடுறீங்க? பஜ்ஜி சூடா போட்டுகினு இருக்கேன்” என்றவள் கையை நிறுத்தினாள். “ஏய்… நோட்டா?”

மாவுக் கையோடு ஓடி வந்தாள். “எவ்ளோ வருஷம் ஆச்சுடி! இன்னா இப்பிடி எளச்சுட்ட? சம்பளம் ஜாஸ்தி, சாப்பாடு கம்மியா?” உடனே உள்பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். “கவி! ஓடியா. நான் சொல்லிகினே இருப்பேன்ல, நோட்டு, அது வந்திருக்குது பாரு!”

ஏழெட்டு வயதுப் பெண் ஒருத்தி வந்து நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். பூங்கொடி பேசிக்கொண்டே போனாள். “இவளுக்கு அந்தக் கோலி கதைய குட்டிப் புள்ளயிலேர்ந்து சொல்லி வச்சிருக்கேன். இப்ப புதுசா வந்திருக்குல்ல, போன்ல பாக்குறா. அதப் பத்தி ஒரு எடத்துல எழுதுனேன். எவளோ ஒருத்தி ஒண்ணு ரெண்டுன்னு போட்டு, அப்பிடி ஒரு சீனே இல்லன்னுட்டா. ஊரே சிரிக்குது. இவ அதயெல்லாம் படிச்சுட்டு, நீ பொய்யி சொல்றம்மான்றா. இப்ப ராத்திரிக்குக் கத சொன்னாக்கூட, இது நெசமான்னு கேக்குறா. நல்லவேளை நீயே வந்துட்ட. சொல்லுடி இவகிட்ட. கோலி செத்துச்சா, இல்லியா?”

கவி நிமிர்ந்து என் வாயையே பார்த்தாள். “செத்துச்சு” என்று சொல்வது எத்தனை சுலபம் என்று நினைத்தேன். மூன்று பேருக்கும் நல்லது. புங்கமரத்தடியில் எனக்கு வந்ததைவிட இப்போது எளிதாக வந்திருக்கும்.

நான் கவியிடமிருந்து கண்ணை எடுத்தேன். பூங்கொடியின் சிரிப்பு மெல்ல மெல்ல இறங்கியது. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, பழைய குரலில், தணிவாகக் கேட்டாள்.

“அன்னிக்கு கரண்ட் இருந்துச்சா?”

“இல்ல” என்றேன்.

எண்ணெய் காய்ந்து புகைந்தது. அவள் போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தாள்.

“பொதைச்சமே.”

“ஆமா.”

“நீயும்தான நின்ன.”

“நின்னேன்.” அதே மூச்சில் மற்றதையும் சொன்னேன். “நம்பர் போட்டு எழுதுனவளும் நான்தான். ஒன் பேரு தெரியாம எழுதிட்டேன். தெரிஞ்ச அப்பாலயும் மூணு நாளு சும்மா இருந்துட்டேன்.”

அவள் என்னைப் பார்க்காமல் மகளின் தலையிலிருந்த ஏதோ சருகை எடுத்துப் போட்டாள். “நம்பர் போட்டிருந்தத பாத்ததும் ஒன் நெனப்புதான் வந்துச்சு. ஆனா நம்ம நோட்டு இப்பிடி எழுதாதுன்னு நெனச்சுகினேன்.”

கவி அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். “அப்ப நீ பொய்யி சொல்லலியா?”

“இல்ல பாப்பா” என்றேன். “ஒங்கம்மா சொல்லல. நான்தான் சொன்னேன்.”

இதைப் பிற்பாடு அந்தக் குழுவிலும் எழுதிப் போட்டேன். பன்னிரண்டாவது வேறுபாடு என்று நினைத்துச் சிரிப்புச் சின்னம் போட்டுவிட்டுப் போனார்கள். அது கிடக்கட்டும்.

பூங்கொடி ஒரு தட்டில் நான்கு பஜ்ஜி வைத்து என் முன்னால் நகர்த்தினாள். எதிர்ப் பலகையில் உட்கார்ந்தாள். கவி அவள் மடியில் சாய்ந்துகொண்டாள்.

“அப்ப கடசி வரிக்கும் அது உசுரோட இருந்துச்சா?”

“இருந்துச்சு. ஏழு வாரம்.”

“எனக்கு ஒரு வாரங்கூட நீ சொல்லல.”

நான் ஒரு பஜ்ஜியைப் பிய்த்து, தின்னாமல் தட்டிலேயே வைத்தேன்.

“சரி, வுடு” என்றாள். அவள் முகத்தில் வந்தது என்னவென்று எனக்குச் சட்டென்று பிடிபடவில்லை. திங்கட்கிழமை முகம். “இப்ப சொல்லு. அந்த ஏழு வாரமும் அது இன்னா பண்ணிச்சு?”

நோட்டை எடுத்துப் பிரித்தேன். பத்தொன்பதாம் பாகத்துக்கு நேரே வெறும் தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் பென்சில் அழுத்திய பள்ளம் மட்டும் தெரிந்தது. அதற்குக் கீழே இருபது, இருபத்தொன்று, இருபத்திரண்டு, நீல மையில் ஒழுங்கான என் கையெழுத்து. கேப்டன் இருந்தார், இனியா இருந்தாள், இடம் இருந்தது. ஒரு வரியிலும் கோலி இல்லை. யோசித்துப் பார்த்தேன். “நாஷ்டா துன்னியா” ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு? ஒரு பாகத்தில் கப்பலின் குழாய்க்குள் போய் மாட்டிக்கொண்டதோ? அல்லது அது நான் கேப்டனுக்குச் செய்ததோ? பார்த்ததை வேறு ஆள்மேல் ஏற்றி ஏற்றிச் சொன்னதில், எது கோலியுடையது என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. அந்தச் சேனல் இல்லை. அந்தக் குரல் கொடுத்தவர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. பதினொரு பேருக்காக அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். நானும் வைத்திருக்கவில்லை.

“எழுதல” என்றேன். “மறந்துட்டேன், பூங்கொடி.”

கவி குறுக்கே புகுந்தாள். “அத்த, நீங்களே எதுனா கட்டிச் சொல்லுங்க. நீங்கதான் நல்லா சொல்வீங்களாமே.”

“வேணாம்” என்றாள் பூங்கொடி, என் முகத்தைப் பார்த்தபடியே. “பாத்தத மட்டும் சொல்லு. எவ்ளோ தெரியுமோ அவ்ளோ.”

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒரே ஒரு காட்சி. இருபத்தாறாம் பாகத்தின் கடைசி. அன்று கரண்ட் இருந்தது. அதை முதலில் சொல்லிவிட்டுத் தொடங்கினேன். கப்பல் ஒரு பச்சைக் கோளில் இறங்கும். கதவு திறக்கும். யாரும் கால் வைக்கத் துணிய மாட்டார்கள். கோலி முதலில் குதிக்கும். பனி விழுந்த புல்லின் மேல் தனியாக உருண்டு போகும். போன இடமெல்லாம் புல் படுத்து ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் இனியா இறங்கி நடப்பாள். மற்றவர்கள் அவள் பின்னால். கோலி திரும்பிப் பார்க்கும், கண் பச்சையாக இருக்கும்.

“அப்பால?” என்றாள் கவி.

“அவ்ளோதான். முடிஞ்சுடும்.”

சொல்லி முடிக்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. பூங்கொடி தலையை ஆட்டிக்கொண்டாள், இன்னும் ஏதோ வரும் என்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே இறங்கும் பேருந்து வர இருபது நிமிடம் இருந்தது.